படபடப்பை மறைக்கும் மாத்திரை

சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு முகூர்த்தத்துக்கு வந்தவர், பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. “என்ன வெயில்!” என்று கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைக்கிறார். பக்கத்தில் நிற்பவரும் அதையேதான் சொல்கிறார். வெயில்தான் காரணமாக இருக்கலாம். ஆனால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோடு மெட்டோப்ரோலாலும் சாப்பிடுகிறவர் என்றால், ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

சர்க்கரை குறைந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஊரைக் கூட்டும். கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த அட்ரினலினின் வேகத்தை இதயத்தில் தணிப்பதுதான் மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களின் வேலையே. படபடப்பும் நடுக்கமும் அடங்கிப்போகும். வேர்வையும் பசியும் மட்டும் மிஞ்சும். சித்திரை மாதத்துக் கல்யாண மண்டபத்தில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை, யாருக்குத்தான் பசிக்கவில்லை?

இதே வகையைச் சேர்ந்த ப்ரொப்ரனலால் இன்னும் ஒரு படி மேலே. கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரை வெளியே வருவதையும் அது தாமதப்படுத்தும். ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும்கூட எழுதித்தரப்படும் மாத்திரை அது. எழுதித்தருபவர், நோயாளி இன்சுலின் போடுகிறாரா என்று கேட்டாரா என்பதே கவலை.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்ற பயம் இதைவிடப் பிரபலம். ஆனால் 91,140 பேரின் தகவல்களைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வின்படி, 255 பேர் 4 ஆண்டுகள் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரும். மாரடைப்பைத் தடுக்கும் பலனோடு ஒப்பிட்டால் இது சின்னக் கணக்கு. தயாசைடு வகை பிரஷர் மாத்திரைகளும் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும். அது பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு அட்டினோலால் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் (1998) தாழ்சர்க்கரை அதிகமாகவில்லை என்று இதய மருத்துவர்கள் சொல்வதுண்டு. நியாயம்தான். ஆனால் நம் ஊரில் இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதே அபூர்வம்.

எனவே அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காரணமில்லாமல் வேர்த்தால் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வோக்லிபோஸ் கலந்த சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று கைகொடுக்காது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு பீட்டா பிளாக்கரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பே வரலாம்.