ஹை-பாயிண்ட் கைத்துப்பாக்கிகள்

ஹை-பாயிண்ட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் தயாரிக்கப்படும் மலிவு விலைத் துப்பாக்கிகளின் வணிகப் பெயர் ஆகும். 1992 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் மான்ஸ்ஃபீல்டு நகரைத் தளமாகக் கொண்டது. இதன் 9 மி.மீ கைத்துப்பாக்கியான சி-9, பல ஆண்டுகளாக 200 டாலருக்கும் குறைவான விலையில் புதிதாக விற்கப்பட்டு வந்தது. பெயர் பெற்ற ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் 9 மி.மீ கைத்துப்பாக்கிகளுக்கு இதைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டும். இவ்வளவு மலிவான ஒரு துப்பாக்கியை நம்பலாமா என்பது அமெரிக்கத் துப்பாக்கிப் பயனாளரிடையே ஓயாத விவாதமாக இருந்து வருகிறது. இவ்விவாதத்தில் உடைந்துவிடாத உறுதி, தடங்கலின்றிச் சுடும் தன்மை, பயன்படுத்துவோருக்கான பாதுகாப்பு, சமூகத்தில் உள்ள பெயர் ஆகிய நான்கு வேறுபட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

பின்னணி

1968 ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாடுகளிலிருந்து சிறிய, மலிவான கைத்துப்பாக்கிகள் இறக்குமதியாவதைத் தடுத்தது. அதே துப்பாக்கிகளை உள்நாட்டில் தயாரிப்பதை அது தடுக்கவில்லை. இந்த இடைவெளியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், பிரைக்கோ, டேவிஸ், லார்சின் முதலிய நிறுவனங்கள் தோன்றின. மருத்துவரும் ஆய்வாளருமான கேரன் வின்டமூட் 1994 இல் வெளியிட்ட அறிக்கையில் இவற்றை "நெருப்பு வளையம்" என்று பெயரிட்டு அழைத்தார். இவற்றில் ஒன்றான லார்சின், 1993 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே மிக அதிகமான தானியங்கிக் கைத்துப்பாக்கிகளைத் தயாரித்த நிறுவனமாக இருந்தது.

மலிவுத் துப்பாக்கி என்றால் "சனிக்கிழமை இரவுத் துப்பாக்கி" என்று ஏளனமாக அழைக்கும் வழக்கம் இதற்கும் முற்பட்டது. ஹை-பாயிண்ட் கலிபோர்னியாவைச் சேர்ந்ததன்று. அதன் துப்பாக்கிகளும் சட்டைப்பையில் அடங்கும் சிறியவை அல்ல. எனினும் விலையும், அவற்றில் பயன்பட்ட துத்தநாகக் கலப்பு உலோகமும் ஒன்றாக இருந்ததால் அந்தக் கெட்ட பெயரில் ஒரு பங்கு இதற்கும் வந்து சேர்ந்தது.

தொடக்க காலத்தில் ஹை-பாயிண்ட் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டவை ஒகையோவின் சிறு தொழிற்கூடங்கள் பலவற்றில் உருவானவை. 9 மி.மீ வகையைப் பீமில்லர் நிறுவனமும், .45 வகையை ஹாஸ்கல் நிறுவனமும், .40 வகையை ஐபீரியா நிறுவனமும் தயாரித்தன. எம்கேஎஸ் சப்ளை என்ற நிறுவனம் இவற்றை மொத்தமாக விநியோகித்தது.

மலிவுக்குக் காரணமான இயங்குமுறை

ஹை-பாயிண்ட் ஏன் மலிவாக இருக்கிறது என்பதை அறிய அதன் இயங்குமுறையை அறிதல் வேண்டும். தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வளிம அழுத்தம் குண்டை முன்னோக்கித் தள்ளுவதுடன், வெற்றுத் தோட்டாக் கூட்டைப் பின்னோக்கியும் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் குறையும் வரை குழலின் பின்வாய் திறக்கக் கூடாது. பெரும்பாலான 9 மி.மீ கைத்துப்பாக்கிகளில் இதற்கு ஜான் பிரௌனிங் வகுத்த வழி பின்பற்றப்படுகிறது. அதில் குழலும், அதன் மேல் முன்பின்னாக நகரும் ஸ்லைடு எனப்படும் மேற்பகுதியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுச் சிறிது தொலைவு சேர்ந்தே பின்னோக்கி நகர்கின்றன. பின்னர் குழல் சற்றுச் சாய்ந்து பூட்டு விடுபடுகிறது. இதற்கு நுட்பமாகக் கடையப்பட்ட எஃகுப் பாகங்கள் தேவை.

ஹை-பாயிண்டில் அத்தகைய பூட்டு எதுவும் இல்லை. அதன் குழல் அசையாமல் பொருத்தப்பட்டுள்ளது. பின்வாயை மூடி வைத்திருப்பவை ஸ்லைடின் எடையும் ஒரு சுருள்வில்லின் விசையுமே ஆகும். கனமான பொருள் மெதுவாகவே நகரத் தொடங்கும் என்ற எளிய இயற்பியலே இங்கு பூட்டின் வேலையைச் செய்கிறது. .25, .32 போன்ற வலுக்குறைந்த தோட்டாக்களுக்கு இம்முறை இலேசான துப்பாக்கியிலேயே போதுமானது. ஆனால் 9 மி.மீ தோட்டாவின் அழுத்தம் மிக அதிகம். ஆகவே ஸ்லைடு மிகக் கனமாக இருந்தாக வேண்டும்.

அந்த ஸ்லைடு சமாக் எனப்படும் துத்தநாகக் கலப்பு உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்படுகிறது. இது ஏறக்குறைய 4 விழுக்காடு அலுமினியம் கலந்த துத்தநாகம். 400 பாகை செல்சியசுக்கும் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். எனவே இதை வார்ப்பது எஃகைக் கடைவதைவிட மிக எளிது. இது எஃகைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடையைப் பெற ஸ்லைடு பருமனாக இருக்க வேண்டியுள்ளது. செங்கல்லைப் போன்ற தோற்றம் என்று பலரும் கேலி செய்யும் வடிவத்துக்குக் காரணம் இதுவே. குழல் எஃகால் ஆனது. கைப்பிடிச் சட்டகம் பிளாஸ்டிக்கால் ஆனது.

விளைவை எடையில் காணலாம். சி-9 தோட்டா இல்லாத நிலையில் ஏறத்தாழ 820 கிராம் எடை கொண்டது; அதில் 8 தோட்டாக்கள் கொள்ளும். ஆசுதிரிய நிறுவனமான குளொக்கின் 19 ஆம் வகை ஏறத்தாழ 600 கிராம் எடையில் 15 தோட்டாக்கள் கொள்கிறது. பணத்தில் மிச்சப்பட்டது எடையிலும் கொள்ளளவிலும் செலவாகிறது என்று இதனைக் கூறலாம்.

உறுதியும் நம்பகத்தன்மையும்

துத்தநாகத்தால் செய்த துப்பாக்கி கையில் வெடித்துவிடும் என்ற அச்சம் பரவலானது. இலினொய், மினசோட்டா போன்ற மாநிலங்கள் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே உருகும் உலோகத்தாலான கைத்துப்பாக்கிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியதும் இந்த அச்சத்துக்கு வலுச் சேர்த்தது. இலினொய் சட்டம் 800 பாகை பாரன்ஃகைட் என்பதை எல்லையாக வைத்தது. ஆனால் உருகுநிலை என்பது வலிமையை நேரடியாக அளக்கும் அளவுகோல் அன்று. சுடும் துப்பாக்கியின் ஸ்லைடு அந்த வெப்பநிலையை நெருங்குவதில்லை. வெடிப்பின் அழுத்தத்தை முதன்மையாகத் தாங்குவது எஃகுக் குழலே. அழுத்தம் மிகுந்த தோட்டாக்களுக்கும் தன் துப்பாக்கிகள் ஏற்றவை என்று தயாரிப்பாளர் அறிவித்திருப்பதும் குறிப்பிடத்தக்கது. பருமனான ஸ்லைடு இங்கு குறையாகவும் காப்பாகவும் ஒருசேர இருக்கிறது.

ஆனால் உடையாத துப்பாக்கி எல்லாம் தடங்கலின்றிச் சுடும் துப்பாக்கி ஆகிவிடாது. குழலை அடைத்து வைத்துச் சுட்டும், மண்ணில் புதைத்து எடுத்தும் செய்யப்படும் சோதனைகள் உறுதியைக் காட்டுகின்றனவே அன்றி நம்பகத்தன்மையைக் காட்டுவதில்லை. ஹை-பாயிண்ட் குறித்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை ஒரு தோட்டா வெளியேறி அடுத்தது உள்ளே ஏறும் கட்டத்தைப் பற்றியவை. தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசீனின் மேல் விளிம்புகள் சற்று விரிந்தோ குறுகியோ இருந்தால், தோட்டா சரியான கோணத்தில் எழும்பாமல் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கியில் மிக மலிவாகச் செய்யப்படும் தகட்டுப் பாகமே அதன் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்பது வியப்பளிக்கக்கூடும். விலையுயர்ந்த துப்பாக்கிகளுக்கும் இது பொருந்தும்.

பராமரிப்பும் எளிதன்று. பெரும்பாலான தற்காலக் கைத்துப்பாக்கிகளைக் கருவி ஏதுமின்றிப் பிரித்துத் துடைக்கலாம். சி-9 வகையைப் பிரிக்க ஓர் ஊசிமுளையைச் சுத்தியலால் தட்டி வெளியேற்ற வேண்டும். இதனால் பலர் அதைப் பிரிப்பதே இல்லை. அழுக்குச் சேர்ந்த பின் வரும் தடங்கல்களுக்கு வடிவமைப்பின் மீதே பழி விழுகிறது. அந்தப் பழி முற்றிலும் தவறானதும் அன்று, துடைக்கக் கடினமாக இருப்பதும் வடிவமைப்பின் குறையே.

இந்நிறுவனத்தின் வாழ்நாள் உத்தரவாதம் இதற்கு ஒரு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. துப்பாக்கியை முதலில் வாங்கியவருக்கு மட்டுமன்றி, பின்னர் கைமாறிப் பெற்றவருக்கும் பழுது நீக்கித் தரப்படுகிறது. மலிவுப் பொருளுக்கு இது அரிய வசதி. ஆயினும் உத்தரவாதம் பழுதை நீக்குமே தவிர, தேவைப்படும் நொடியில் பழுது வராது என்று உறுதியளிப்பதில்லை.

எத்தனை முறை சுட்டால் நம்பலாம்

"என்னுடையதில் 50 தோட்டா சுட்டேன், ஒரு தடங்கலும் இல்லை" என்பது போன்ற சான்றுகள் ஏராளம். இவற்றின் மதிப்பை எளிய கணக்கால் அளக்கலாம். ஒரு துப்பாக்கி சராசரியாக 100 தோட்டாக்களுக்கு ஒருமுறை சிக்கிக்கொள்வது என்று கொள்வோம். அத்தகைய துப்பாக்கியும் 50 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டு முடிப்பதற்கு 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதாவது மோசமான துப்பாக்கியை வாங்கியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அதனைப் புகழ்வர். அதே துப்பாக்கியில் 8 தோட்டா கொண்ட மேகசீன் ஒன்றைச் சுட்டு முடிப்பதற்குள் தடங்கல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 இல் 1 ஆகும்.

புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. தடங்கல் ஒன்றுமின்றி எத்தனை முறை சுடப்பட்டதோ, 3 ஐ அவ்வெண்ணால் வகுத்தால், தடங்கல் வீதத்தின் மேல் எல்லை 95 விழுக்காடு உறுதியுடன் கிடைக்கும். ஆக, தடங்கல் வீதம் 100 க்கு 1 ஐ விடக் குறைவு என்று இந்த அளவு உறுதியுடன் கூறவே 300 தோட்டாக்களைத் தொடர்ந்து பிழையின்றிச் சுட வேண்டும். மலிவுத் துப்பாக்கி வாங்குபவருக்கு இத்தனை தோட்டாக்களின் விலை துப்பாக்கி விலையில் கணிசமான பங்காகிவிடும். பணம் குறைந்தவர்களே வாங்கும் பொருள், சோதித்துப் பார்க்கப் பணம் இல்லாதவர்களிடமே போய்ச் சேர்கிறது.

சோதனையும் அரசும்

அமெரிக்காவில் பொம்மைகளுக்கும் மின்விசிறிகளுக்கும் பாதுகாப்புத் தரம் விதிக்கும் அரசு அமைப்பான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அச்சட்டம் துப்பாக்கிகளை அதன் அதிகாரத்துக்கு வெளியே வைத்தது. பழுதான துப்பாக்கியைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் நடுவண் அமைப்பு எதுவும் இல்லை. தயாரிப்பாளர் சங்கம் வகுத்த தரங்கள் தன்விருப்பின் பேரில் பின்பற்றப்படுவன.

இவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்ற மாநிலங்களுள் கலிபோர்னியா முதன்மையானது. 1999 இல் இயற்றப்பட்ட அதன் பாதுகாப்பற்ற கைத்துப்பாக்கிகள் சட்டப்படி, ஒவ்வொரு வகையிலும் 3 துப்பாக்கிகள் சோதிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் முதல் 20 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட வேண்டும். மொத்தம் 600 தோட்டாக்களில் 6 தடங்கல்களுக்கு மேல் ஏற்படக் கூடாது. ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து கற்காரைத் தளத்தில் விழச் செய்தாலும் வெடிக்கக் கூடாது. இந்த எல்லை மேலே கூறிய 100 க்கு 1 என்ற வீதமே ஆகும். இது மிகக் கடுமையான எல்லை என்று கூற இயலாது.

பாதுகாப்புக் குறை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குப் பிரைக்கோ வழக்கு சான்றாகும். 1994 இல் கலிபோர்னியாவில், தோட்டாவை வெளியே எடுக்க முயன்ற ஒருவர் கையிலிருந்த பிரைக்கோ துப்பாக்கி வெடித்து 7 வயதுச் சிறுவன் ஒருவன் கை கால்கள் செயலிழந்தான். அந்த வகையில் தோட்டாவை அகற்ற வேண்டுமானால் பாதுகாப்புப் பூட்டை முதலில் விடுவித்தாக வேண்டும். 2003 இல் நடுவர் குழு நிறுவனத் தரப்பு ஏறத்தாழ 2.4 கோடி டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்மானித்தது. நிறுவனம் திவாலானதாக அறிவித்துக்கொண்டது. 2004 இல் அதன் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றை வாங்கி அழித்துவிட எண்ணிப் பாதிக்கப்பட்டவர் தரப்பும் போட்டியிட்டது. ஆனால் முன்னாள் ஊழியர் ஒருவர் கூடுதல் விலை கேட்டு வாங்கி, ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் என்ற பெயரில் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கினார். அதுவும் 2020 இல் திவாலானது.

இத்தகைய குறை மலிவுப் பொருளுக்கே உரியது என்று கொள்ளலாகாது. பிரேசிலின் டாரசு நிறுவனம், கீழே விழுந்தால் வெடிக்கும் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது வகைக் கைத்துப்பாக்கிகள் தொடர்பான வழக்கில் 2015 இல் சமரசத்துக்கு வந்தது. அமெரிக்கத் தரைப்படை 2017 சனவரியில் தெரிவு செய்த சிக் சாவர் பி320 வகையின் பொதுமக்களுக்கான வடிவமும், குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிப்பதாகத் தெரிய வந்தது. அதே ஆண்டு ஆகத்தில் அந்நிறுவனம் விசைப் பகுதியை மாற்றித் தர முன்வந்தது. அதன் விலை சி-9 ஐப் போல் சில மடங்கு ஆகும்.

குற்றங்களும் பெயரும்

1999 இல் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நிகழ்ந்த படுகொலையில் ஹை-பாயிண்டின் 995 வகைச் சிறு ரைஃபிள் பயன்படுத்தப்பட்டது. அதிலிருந்து 96 முறை சுடப்பட்டது. நிறுவனத்தின் பெயர் பொதுமக்களிடம் முதன்முதலாகப் பரவலாக அறிமுகமானது இந்நிகழ்வாலேயே.

2003 இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் ஆள் மாறாட்டத்தால் சுடப்பட்டுக் காயமடைந்தார். அந்த ஹை-பாயிண்ட், ஒகையோவில் பிறர் பெயரில் மொத்தமாக வாங்கிக் கடத்தப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுள் ஒன்று. அவர் தயாரிப்பாளர், விநியோகத்தர், விற்பனையாளர் ஆகியோர் மீது 2005 இல் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டில் துப்பாக்கித் தொழிலுக்குக் காப்பளிக்கும் நடுவண் சட்டமும் நிறைவேறியது. தள்ளுபடியான வழக்கை 2012 இல் மேல்முறையீட்டுப் பிரிவு மீட்டெடுத்தது. இறுதியில் 2019 இல், ஒகையோ விற்பனையாளர் மீது நியூயார்க்கில் வழக்கு நடத்த ஆள்வரை அதிகாரம் இல்லை என்று மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குற்ற இடங்களில் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளின் பட்டியலில் மலிவு வகைகள் அடிக்கடி இடம்பெறுவதை அவற்றின் தரக்குறைவுக்குச் சான்றாகக் காட்டுவோர் உள்ளனர். அத்தகைய பட்டியல்களில் சிமித் அண்ட் வெசன், ரூகர் போன்ற நன்மதிப்புப் பெற்ற பெயர்களும் முன்னணியில் இருந்தன. கைப்பற்றப்பட்டவற்றின் எண்ணிக்கை, எது மிகுதியாக விற்கிறது, எது எளிதில் கைமாறுகிறது என்பதையே காட்டுகிறது. எது சிக்கிக்கொள்ளும் என்பதை அது காட்டாது.

2019 இல் புதிய 9 மி.மீ வகைக்குப் பெயர் சூட்டுமாறு நிறுவனம் பொதுமக்களைக் கேட்டது. கேலியாக முன்மொழியப்பட்ட "யீட் கேனன்" என்ற பெயர் வாக்கெடுப்பில் பெரும் வேறுபாட்டில் வென்றது. முதலில் தயங்கிய நிறுவனம் பின்னர் அப்பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதை ஒய்சி-9 என்று அழைத்தது. பிற மலிவு நிறுவனங்கள் ஏளனத்தை மறுத்து வாதாடிய இடத்தில், ஹை-பாயிண்ட் அதையே துப்பாக்கியின் மீது பொறித்து விற்றது.