வில்லியனூர் பக்கத்து மண்ணில் கிடைத்த 'இந்திரன்' லண்டனில்! அருங்காட்சியகம், கோளரங்கத்தில் தன்னார்வலர் ஆவது எப்படி?

சேதராப்பட்டு என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தொழிற்பேட்டைதான். ஆனால் தொல்லுயிர் ஆய்வாளர்களுக்கு சேதராப்பட்டு, கரசூர், பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் வழுதாவூர் ஆகிய பகுதிகள் 180 ஆண்டுகளாக வேறொரு காரணத்துக்காகத் தெரிந்த பெயர்கள். அங்கே மண்ணுக்குள் இருப்பது ஒரு பழைய கடல்!

சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் சுருள் சுருளான ஓடுகள் கல்லாக மாறி மண்ணில் தங்கிவிட்டன. இன்றைய கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம் இந்த அம்மோனைட். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லும் அம்மோனைட் புதைபடிவம்தான். டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இதுவும் உலகத்திலிருந்தே மறைந்துவிட்டது.

1840-களின் தொடக்கத்தில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் இந்தப் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டவர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர். தென்னிந்தியாவிலிருந்து வந்தவை என்பதால் அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: இந்திரா, பிரம்மா, விஷ்ணு, கணேசா!

இதில் 'இந்திரா' என்று பெயர் பெற்ற இனம் பிறகு கனடாவின் வான்கூவர் தீவு வரை பல இடங்களில் கிடைத்தது. எங்கே கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூல மாதிரி புதுச்சேரி மண்ணிலிருந்து போனதுதான். அது இப்போது இருப்பது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

சரி, இதெல்லாம் வில்லியனூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாகூர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? தன்னார்வலரின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

தன்னார்வலர் என்றால் என்ன வேலை?

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு பொருள், கீழே ஒரு சின்ன அட்டை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், பார்ப்பார்கள், போய்விடுவார்கள். "இது என்னங்க?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது பதில் சொல்ல அங்கே ஒருவர் இருந்தால் கதையே வேறு. கல்லைக் கையில் கொடுத்து, "தொட்டுப் பாரு, இதுக்கு வயசு உங்க தாத்தாவோட தாத்தாவுக்கும் தாத்தாவை விட எவ்வளவு கூடுதல்னு சொல்லு" என்று கேட்கத் தெரிந்தவர்தான் தன்னார்வலர்.

உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களும் இப்படித்தான் இயங்குகின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலேயே சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் பார்வையாளர்களோடு பேசுகிறார்கள், சேகரிப்புகளைப் பதிவு செய்யும் வேலையிலும் உதவுகிறார்கள்.

பொதுவாக வேலைகள் நான்கு வகை:

- பார்வையாளர்களுக்கு விளக்குவது, பள்ளிக் குழுக்களை அழைத்துச் செல்வது
- மாதிரிகளுக்கு எண் போடுவது, படம் எடுப்பது, பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது
- விளக்க அட்டைகளை எளிய தமிழில் எழுதித் தருவது
- அறிவியல் நாள், கிரகணம் போன்ற நாட்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது

கோளரங்கத்தில் என்ன செய்யலாம்?

புதுச்சேரியில் கோளரங்கம் இருப்பது லாஸ்பேட்டையில், டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அறிவியல் மையத்தில். கோளரங்கம் இயங்கும் விதம் எளிமையானது. அரைக்கோள வடிவக் கூரைதான் திரை. விளக்கை அணைத்ததும் அந்தக் கூரையில் வானம் விரியும். எந்த நாள், எந்த நேரத்து வானத்தையும் பகலிலேயே காட்டலாம்.

ஆனால் காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள். பாகூர் கொம்யூனில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது வருஷத்துக்கு ஒருமுறை வரும் சுற்றுலா. உள்ளே பார்த்ததை ஊரில் மாடியில் நின்று மறுபடி அடையாளம் காட்ட ஒருவர் இல்லாவிட்டால், பார்த்தது சினிமா மாதிரி மறந்துபோகும்.

இங்கே கிராமத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. கடற்கரைச் சாலை விளக்குகளின் வெளிச்சம் பாகூர் வயல்வெளியில் இல்லை. அதனால் நட்சத்திரம் கூடுதலாகத் தெரியும். ஒரு தன்னார்வலர் சொல்லித்தர இந்த மூன்றே போதும்:

- துருவ நட்சத்திரம்: புதுச்சேரி இருப்பது சுமார் 12 டிகிரி வட அட்சரேகையில். அதனால் துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் தெரியும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே பார்த்தால் போதும்.
- கார்த்திகை: கார்த்திகை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே எழும் சின்ன நட்சத்திரக் கூட்டம். பௌர்ணமி நிலா அதற்குப் பக்கத்தில் வருவதால்தான் மாதத்துக்கே அந்தப் பெயர்.
- அகத்திய நட்சத்திரம்: மாசி மாத இரவுகளில் தெற்கே பளிச்சென்று தெரிவது. டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். நமக்கு நன்றாக மேலே வரும்.

ஒரு குச்சி போதும்: நிழல் இல்லா நாள்

"தலைக்கு மேல் சூரியன்" என்று தினமும் சொல்கிறோம். உண்மையில் வில்லியனூரிலும் பாகூரிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது வருஷத்துக்கு இரண்டே முறை. ஒன்று ஏப்ரல் 21-ஐ ஒட்டி, இன்னொன்று ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி. அன்று பகல் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் நேராக நட்ட குச்சிக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது!

ஏன் சரியாக 12 மணிக்கு இல்லை? நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையின் கணக்குப்படி. புதுச்சேரி அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது சுமார் 10 நிமிடம் தாமதமாக வருகிறது. ஒரு குச்சி, ஒரு கடிகாரம், ஒரு பள்ளி மைதானம். பூமியின் சாய்வையும் இந்திய நேரத்தையும் ஒரே மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கூரை இல்லாத அருங்காட்சியகம்: ஊசுடு ஏரி

இயற்கை வரலாறு கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் இல்லை. வில்லியனூர் கொம்யூனை ஒட்டிய ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008-லும், தமிழ்நாட்டுப் பகுதி 2015-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தெற்கே பாகூர் ஏரி, புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி.

இங்கே வரும் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் எத்தனை என்று யார் எண்ணுவது? பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. 2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இன்னும் சுலபம். பொங்கல் விடுமுறையில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி 'இ-பேர்டு' செயலியில் பதிவிட்டால் போதும்.

அந்த எண்கள் சேர்ந்துதான், ஒரு பறவை குறைகிறதா கூடுகிறதா என்பது தெரிய வருகிறது. பதிவே இல்லாத ஏரியில் ஒரு பறவை வராமல் நின்றுவிட்டால், அது நின்றுவிட்டது என்பதற்கே ஆதாரம் இருக்காது.

இதுக்கு டிகிரி வேணுமா?

வேண்டாம். 2007-ல் 'கேலக்ஸி ஸூ' என்ற இணையத் திட்டத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களே வகை பிரித்தார்கள். அதில் ஒரு படத்தில் இருந்த விசித்திரமான ஒளிரும் வாயு மேகத்தை முதலில் கவனித்துக் கேள்வி கேட்டவர் விஞ்ஞானி இல்லை. ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்து பள்ளி ஆசிரியை. இன்று அந்த மேகம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

புதுச்சேரிக்கும் இது புதுசு இல்லை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தில் சாயந்திரமானால் சம்பளம் இல்லாமல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஊர் இளைஞர்களும் பெண்களும்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987 முதல் நடத்தும் 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழுக்குப் பின்னாலும் தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது. 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்தின்போது, பாதுகாப்பான கண்ணாடியோடு மைதானங்களில் நின்று மக்களைப் பார்க்க வைத்தவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தான்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் பார்வையாளராகப் போங்கள். கோளரங்கக் காட்சி ஒன்றைப் பாருங்கள். பக்கத்து வானூர் தாலுகாவில் உள்ள திருவக்கரை தேசிய கல்மரப் பூங்காவுக்கும் போகலாம். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. கிளையும் வேரும் இல்லாமல் கிடப்பதால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.
2. ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். கல்மரமா, பறவையா, நட்சத்திரமா? பத்து நிமிடம் தடுமாறாமல் சொல்லும் அளவுக்கு அதைப் படியுங்கள்.
3. கடிதம் கொடுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும், என்ன செய்யத் தெரியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகத்திடம் நேரில் கொடுங்கள். தன்னார்வலரைச் சேர்க்கும் முறை ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறாக இருக்கும். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.
4. பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஊர் நூலகத்திலோ அரசுப் பள்ளியிலோ அனுமதி வாங்கி ஒரு வானம் பார்க்கும் இரவு நடத்தலாம். அடுத்த முறை கடிதம் கொடுக்கும்போது அதுவே உங்கள் அனுபவச் சான்று.

இதை மட்டும் செய்யாதீங்க!

- புதைபடிவத்தை எடுக்காதீர்கள். திருவக்கரை பூங்கா தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். சின்னத் துண்டுகூட வீட்டுக்கு வரக்கூடாது. வேறெங்காவது விசித்திரமான கல் தெரிந்தால் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், ஆய்வாளர்களுக்குத் தெரிவியுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் அந்தக் கல்லின் பாதிக் கதை போய்விடும்.
- சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் பாதுகாப்பு இல்லை.
- கூடு கட்டும் பறவைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். செல்ஃபிக்காகத் துரத்துவதும் கூடாது.
- சம்பள வேலையை இலவசமாகச் செய்யாதீர்கள். டிக்கெட் கவுன்ட்டர், துப்புரவு, காவல் போன்றவை ஊழியர்களின் வேலை. "தன்னார்வம்" என்ற பெயரில் அதைச் செய்யச் சொன்னால், இன்னொருவரின் பிழைப்பு அங்கே போகிறது. நேரம், பொறுப்பு, பயணச் செலவு, சான்றிதழ் ஆகியவற்றை முதல் நாளே பேசி எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

ஏன் இப்போதே செய்யணும்?

மண்ணுக்கு மேலே கட்டடங்கள் வேகமாக வருகின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது வெளியே வரும் கல், லாரியில் ஏறி இன்னொரு ஊரின் பள்ளத்தை நிரப்பிவிடும். அது என்ன கல் என்று அடையாளம் தெரிந்த ஒரே ஒரு ஆள் ஊரில் இருந்தால்கூட, லாரி கிளம்பும் முன் ஒரு படமாவது எடுக்கப்படும்.

பாகூருக்குக் கல்வியில் பழைய பெருமை உண்டு. 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர் செப்பேடுகள், இங்கிருந்த ஒரு கல்விச் சாலைக்கு மூன்று கிராமங்கள் கொடையாகத் தரப்பட்டதைச் சொல்கின்றன. அன்று ஊர் தந்தது நிலம். இன்று ஒரு தன்னார்வலரிடம் கேட்பது, வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான்.