மின்சாரச் சுருட்டு

நம் முன்னோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலையேறி வண்டிப்பெரியார்ப் பகுதிக்கு வந்தபோது, மடியில் வெற்றிலையும் புகையிலையும் கட்டிக்கொண்டே வந்தனர். தேயிலைக் காட்டின் குளிருக்கும் அட்டைக்கடிக்கும் அதுவே துணை என்று நம்பினர். பீடியும் சிகரெட்டும் பின்னர் சேர்ந்துகொண்டன. இப்பொழுது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதற்கு இலை இல்லை, நெருப்பு இல்லை, சாம்பலும் இல்லை. சில சமயம் மைப்பேனா போலவும், சில சமயம் கணினியில் செருகும் சிறு கருவி போலவும் தோன்றும். பத்திரிகைகள் இதனை மின்சிகரெட் என்கின்றன. விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ‘வேப்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர்.

லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டணத்துச் சரக்கினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் கோவையிலும் எர்ணாகுளத்திலும் படிக்கிறார்கள். நம் உறவினர் துபாயிலும் மலேசியாவிலும் உழைக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிறவர் தம்பிக்கென்று வாங்கிவரும் வாசனைப் புட்டியோடு இதனையும் பெட்டியில் வைத்துவிட்டால், அதனால் நேரக்கூடிய தொல்லை இன்னதென்று அறியாதவர்களே நம்மில் பெரும்பாலோர்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று உலகெங்கும் விற்கும் வகையை 2003-ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஹோன் லிக் என்னும் சீன மருந்தாளர். அவர் பெரும் புகைப்பழக்கம் உள்ளவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். கருவியின் உள்ளே ஒரு மின்கலம், ஒரு கம்பிச் சுருள், பஞ்சுத் திரி, கொஞ்சம் திரவம், அவ்வளவுதான். வாயில் வைத்து உறிஞ்சினால் சுருள் சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. அத்திரவத்தில் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் எண்ணெய் போன்ற பொருள்களும், நறுமணச் சரக்கும், நிக்கோட்டினும் கலந்திருக்கும். புகையிலையை விட்டு மனிதனைப் பிரியவிடாமல் கட்டிவைப்பது இந்த நிக்கோட்டினே. ஒரு காலத்தில் இதையே பூச்சிக்கொல்லியாகப் பயிர்களுக்குத் தெளித்தார்கள்.

எதுவும் எரியாததனால் சிகரெட் புகையில் உள்ள தார் இதில் இல்லை. இது சிகரெட்டைக் காட்டிலும் குறைந்த தீங்குடையது என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் அறிவித்தது; நெடுநாள் புகைத்தவர்கள் சிகரெட்டை விடுவதற்கு அந்நாடு இதனைத் துணையாகவும் கொள்கிறது. இவ்வுண்மையை மறைப்பது முறையாகாது. ஆனால் ஐம்பது வயதுப் புகைப்பாளருக்குச் சொன்ன வைத்தியம், புகையே அறியாத பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்துமா? வியாபாரிகள் குறிவைத்தது யாரை என்பதற்குச் சரக்கின் சுவைகளே சாட்சி. மாம்பழம், தர்ப்பூசணி, புதினா, பஞ்சுமிட்டாய் என்று பதினாறாயிரத்துக்குக் குறையாத சுவைகள் உலகச் சந்தையில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. பஞ்சுமிட்டாய்ச் சுவையை விரும்பிப் புகைக்கும் தாத்தாவை நான் இன்னும் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இதனை விளக்கும். 2015-இல் ‘ஜூல்’ என்னும் கருவி அங்கே விற்பனைக்கு வந்தது. நிக்கோட்டினை உப்பு வடிவில் ஆக்கியதால் தொண்டையில் காரம் தெரியவில்லை. முதல் இழுப்பிலேயே இருமி எறிந்துவிடும் இயற்கைக் காவல் இல்லாமற்போயிற்று. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின்சிகரெட் பழகியோர் 2017-இல் 100-க்கு 12 பேருக்கும் குறைவு. 2019-இல் 27 பேருக்கும் மேல். அதே ஆண்டில் ஆவி பிடித்தவர்களிடையே ஒரு நுரையீரல் நோய் பரவி 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சரக்கில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெயே அதற்குக் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. பின்பு கட்டுப்பாடுகள் இறுகி, 2024-இல் அம்மாணவர் கணக்கு 100-க்கு 8 பேர் என்னும் அளவுக்கு இறங்கியது.

நம் நாட்டில் கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்கள் முன்னமே தடை விதித்திருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதத்தில் முழுத் தடை வேண்டுமென்று பரிந்துரைத்தது. செப்டம்பர் 18-ஆம் நாள் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் பாராளுமன்றம் அதனை நிலையான சட்டமாக்கிற்று.

அப்போது எழுந்த கேள்வி ஒன்று இன்றும் நிற்கிறது. புகையிலைச் சிகரெட்டைக் கடைதோறும் விற்கவிட்டு, மின்சிகரெட்டை மட்டும் தடுப்பது என்ன நியாயம்? சிகரெட் செய்யும் பெரிய கம்பெனியில் அரசுத் துறை நிறுவனங்களுக்குப் பங்குண்டு. அரசுக்குப் புகையிலை வரியும் உண்டு. இன்னொரு பக்கம், பீடி சுற்றிப் பிழைக்கும் திருநெல்வேலிப் பெண்களும் ஆந்திரத்துப் புகையிலை விவசாயிகளும் இருக்கிறார்கள். வேரூன்றிய தீமையை ஒரே நாளில் பிடுங்க எந்தச் சர்க்காருக்கும் துணிவில்லை. வேரூன்றாததைத் தடுப்பது எளிது. நியாயம் அரைகுறைதான். ஆயினும் அரை நியாயத்தைக்கூட வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன்.

மற்ற வளரும் நாடுகள் வெவ்வேறு வழியில் சென்றன. பிரேசில் 2009-லேயே தடுத்தது. 2024-இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. இந்தோனேசியா 2018 முதல் வரி போட்டு விற்க அனுமதித்தது. பிலிப்பைன்ஸ் 2022-இல் வாங்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்துவிட்டது! நம்மவர் ஏராளமாக வாழும் மலேசியாவில், 2023-இல் நிக்கோட்டின் திரவத்தை விஷப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினர். அதனால் சில காலம் சிறுவருக்கு விற்பதையும் தடுக்கச் சட்டமில்லாமல் இருந்தது. 2024 அக்டோபரில்தான் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்துள்ள சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். உலகக் கருவிகளில் மிகப் பெரும்பகுதி செய்யப்படும் சீனாவோ, 2022-இல் தன் மக்களுக்குப் பழச்சுவைச் சரக்கை விற்பதைத் தடுத்துவிட்டு, ஏற்றுமதியைத் தொடர்கிறது. 2023 இறுதியில் 34 நாடுகளில் விற்பனைத் தடை இருந்தது. 74 நாடுகளில் எந்தச் சட்டமும் இல்லை. இல்லாதவற்றில் ஏழை நாடுகளே மிகுதி.

தடை போட்டதனால் சரக்கு மறைந்துவிட்டதா? இல்லை. 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்திரா துறைமுகத்தில் இரண்டு லட்சம் கருவிகள் பிடிபட்டன. மதிப்பு சுமார் 48 கோடி ரூபாய். கைபேசி வழியே விலைபேசி வீட்டுக்கே அனுப்புவோரும் உண்டு. எங்கள் வண்டிப்பெரியாருக்கு ரயில் இல்லை. ஆனால் ரயில்வேயில் சீட்டெழுதிப் பிழைக்கும் எனக்கு ஒன்று தெரியும். மூட்டைக்குள் இருப்பது இன்னதென்று எழுதித் தருபவர் அனுப்புகிறவரே. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க எந்த நிலையத்திலும் ஆள் கிடையாது. மலைப்பாதைச் சோதனைச் சாவடியிலும் இதே கதைதான். சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக வருவதை யார் கண்டார்?

ஆகவே சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது நலம். செய்தல், விற்றல், விநியோகித்தல், விளம்பரம் செய்தல், நாட்டுக்குள் கொண்டுவருதல், ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு எடுத்துச்செல்லுதல் ஆகிய யாவும் குற்றம். முழுக் கருவிக்கு மட்டுமன்று, அதன் ஒரு பாகத்துக்கும் இது பொருந்தும். முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். தெரிந்தே தன் இடத்தில் சரக்கைச் சேர்த்துவைக்க விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். சோதனையிடச் சப் இன்ஸ்பெக்டருக்கே அதிகாரம் உண்டு. உறிஞ்சுவதற்கென்று தனித் தண்டனை சட்டத்தில் சொல்லப்படவில்லை. ஆனால் துபாயில் கடையில் பகிரங்கமாக வாங்கிய பொருளை நம் விமான நிலையத்தில் இறக்கினால் அது இறக்குமதி. சொந்த உபயோகத்துக்கு என்று அச்சட்டத்தில் விலக்கு எழுதப்படவில்லை. தோழனுக்காக இரண்டு வாங்கிக் கைமாற்றும் கல்லூரி மாணவன், தான் விற்பனையாளன் ஆகிவிட்டதை உணர்வதில்லை. கடிதம் எழுதும்போதோ தொலைபேசியில் பேசும்போதோ வெளிநாட்டு உறவினருக்கு இதனை ஒரு வரி சொல்லிவைக்கலாம்.

பிள்ளையிடம் அடையாளம் காண்பது கடினம். பீடி நாற்றம் போல் சட்டையில் ஒட்டாது. காரணமில்லாத பழவாசனை, பள்ளிப் பையில் சிறு மின்னேற்றக் கம்பி, தின்பண்டம் போன்ற வர்ணப் பெட்டி இவற்றைக் கண்டால் கேளுங்கள். அடித்துக் கேட்பதைவிட உட்காரவைத்துக் கேட்பதே பயன் தரும்.

இத்தனையும் எழுதியபின் ஒரு கணக்கையும் சொல்லவேண்டும். 2016–17-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி இந்தியப் பெரியவர்களில் 100-க்கு 28 பேருக்கு மேல் ஏதோ ஒரு வகையில் புகையிலை கொள்பவர்கள். அவர்களில் புகைப்போரைவிட மெல்லுவோரே இருமடங்கு. கொழுந்துக் கூடையோடு காலையில் மலையேறும் நம் பெண்களின் இடுப்புச் சுருக்குப் பையில் இன்றும் புகையிலைத் துண்டு இருக்கிறது. வாய்ப்புற்று அங்கிருந்துதான் வருகிறது. மகனின் ஆவிக் குழலைப் பறிக்கும் கை தன் பையையும் திறந்து பார்க்குமானால் நல்லது. விடவேண்டுமென்று நினைப்போருக்கு மத்திய சர்க்கார் 2016 முதல் கட்டணமில்லாத் தொலைபேசி ஒன்றை நடத்துகிறது. எண் 1800-11-2356. தென்னாட்டு அழைப்புகளுக்குப் பெங்களூர் நிமான்ஸ் மருத்துவ நிலையத்திலிருந்து பதில் சொல்கிறார்கள், தமிழிலேயே பேசலாம்.