ஷாக் அப்சார்பர் புதுசு... ஸ்டீயரிங் மட்டும் ஏன் கோணல்?

சிறு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டிய இரண்டு போல்ட்டுகள்!

செங்கம், போளூர், கலசப்பாக்கம், தண்டராம்பட்டு என்று சுற்றுவட்டாரத்தில் விளையும் காய்கறியும் பூவும் திருவண்ணாமலைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சிறு வண்டிகளில்தான். மாருதி ஆம்னி, ஈகோ, சூப்பர் கேரி, டாடா ஏஸ் என வண்டி எதுவானாலும் பாடு ஒன்றுதான். வரப்போர மண்பாதையில் மூட்டையோடு குலுங்கி, ஊர்ச்சாலைப் பள்ளங்களில் இறங்கி ஏறி, கடைசியில் தேசிய நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்க வேண்டும். அடி முழுவதையும் வாங்குவது முன்பக்க ஷாக் அப்சார்பர்.

அதில் ஆயில் கசிந்து, வண்டி படகுபோல ஆடத் தொடங்கியதும் புதுசு மாற்றுகிறோம். ஆட்டம் நின்றுவிடும். ஆனால், நேற்றுவரை நேராக நின்ற ஸ்டீயரிங் இன்று ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அல்லது கையை லேசாக விட்டால் வண்டி ஓரமாக இழுக்கும். ‘ஓட ஓட சரியாகிவிடும்’ என்று சில பட்டறைகளில் சொல்லி அனுப்புவார்கள். அது தானாகச் சரியாவதில்லை. சில மாதங்களில் டயரின் ஒரு ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்து நிற்கும்போதுதான் விஷயம் புரியும். ஜவ்வாது மலையிலிருந்து புளி, சாமை மூட்டைகளோடு வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது டயர் செலவோடு முடிகிற சங்கதியும் அல்ல.

அம்பாசடர் பழக்கம் மாருதிக்கு ஆகாது!

‘ஷாக் அப்சார்பர் மாற்றினால் அலைன்மென்ட் எதற்கு?’ என்று கேட்கும் பழைய மெக்கானிக்குகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அம்பாசடர் காரின் முன்பக்கத்தில் எடையைத் தாங்குவது டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை அடக்கும் தனி உறுப்பு. அதைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் கோணம் மாறாது. 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டியிலும் முன்பக்கம் ஒரே அச்சும் பட்டை ஸ்பிரிங்கும்தான். அங்கேயும் ஷாக் அப்சார்பருக்கும் சக்கரத்தின் கோணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

மாருதி வண்டிகளின் கதை வேறு. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, அடுத்த ஆண்டு வந்த ஆம்னி, இப்போது ஓடும் ஈகோ, சூப்பர் கேரி எல்லாவற்றிலும் முன்பக்கம் இருப்பது ‘மெக்பர்சன் ஸ்ட்ரட்’. எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது இது. 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்து, பிறகு உலகம் முழுவதும் சிறிய கார்களுக்குப் பரவியது. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சக்கரத்தை மேல்பக்கம் பிடித்து நிறுத்தும் தூண் என மூன்று வேலைகளையும் ஒரே உறுப்பு செய்கிறது. எனவே ஸ்ட்ரட்டை மாற்றுவது என்பது சக்கரம் சாய்ந்து நிற்கும் தூணையே மாற்றுவதுதான்.

கோணல் எங்கிருந்து வருகிறது?

முன்சக்கரத்துக்கு மூன்று கோணங்கள் உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால், சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். மேலேயிருந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று நெருங்குவதோ விலகுவதோ டோ. ஏரில் பூட்டிய இரண்டு மாடுகள் நேராக நடக்காமல் ஒன்றையொன்று நெருக்கினால் நுகத்தடியில் என்ன பாடு நடக்குமோ, அதுதான் டோ கெட்டால் டயருக்கு நடக்கிறது.

இந்த வண்டிகளில் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் ‘நக்கிள்’ என்ற உறுப்போடு இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. துளை போல்ட்டைவிடச் சற்றே பெரிது. அந்தச் சிறு இடைவெளியில் நக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்த நிலையில் போல்ட் முறுக்கப்படுகிறதோ, அந்தப் பக்கம் கேம்பர் மாறும். சக்கரத்தின் மேல்பக்கம் நகரும்போது நக்கிளோடு சேர்ந்த ஸ்டீயரிங் கையும் நகரும். ஆனால், அதைப் பிடித்திருக்கும் டை ராடின் நீளம் மாறுவதில்லை. அதனால் டோவும் கெடும்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் 1 டிகிரி திரும்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓடும்போது இரண்டு சக்கரங்களும் அதை ஆளுக்கு அரை டிகிரியாகப் பகிர்ந்துகொள்ளும். வண்டி நேராகப் போகும். ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நிற்கும். கணக்குப் போட்டால், அரை டிகிரி கோணலாக உருளும் டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 14 கி.மீ கிரிவலப் பாதையை ஒருமுறை சுற்றினாலே 120 மீட்டர். சுமார் 190 கி.மீ தொலைவில் இருக்கும் சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போனால், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் டயரைத் தரையில் வைத்துத் தேய்த்த கணக்கு!

பட்டறையில் பக்கத்தில் நின்று பாருங்கள்

1. கழற்றும் முன்பே ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போடச் சொல்லுங்கள். புது ஸ்ட்ரட்டைப் பழைய நிலைக்கு அருகில் பொருத்த இது உதவும்.

2. ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அழுத்திப் பிடிக்காமல் மேல் நடு நட்டைக் கழற்றக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

3. ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் ஓடும்போது சத்தம் வரும்.

4. மேல் மவுண்ட் ரப்பர், பேரிங் இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

5. இரண்டு பக்கமும் நக்கிளை ஒரே திசையில் ஒதுக்கிப் பிடித்தபடி போல்ட்டை முறுக்கினால் கேம்பர் வித்தியாசம் குறையும்.

6. துருப்பிடித்த, மரை தேய்ந்த போல்ட் நட்டைத் திரும்பப் போடாதீர்கள். அந்த வண்டிக்குக் கையேட்டில் சொன்ன இறுக்கத்தில் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். இந்த இரண்டு போல்ட்டும் தளர்ந்தால் சக்கரத்துக்கு மேல்பிடி இல்லை. முதல் வாரத்தில் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது.

7. பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பழைய கிளிப்பில் மாட்டப்பட்டிருக்கிறதா, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டேப்பும் சாக்பீஸும் போதும்!

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு முன்சக்கர டோ-இன் அளப்பது புதிதல்ல. அதே முறை இதற்கும் பொருந்தும். காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்துங்கள். இரண்டு முன்டயர்களின் முன்பக்கத்திலும், அச்சு உயரத்தில், பட்டையின் நடுவில் சாக்பீஸால் குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை அசைக்காமல், டயர் அரைச்சுற்று சுற்றும் அளவுக்கு வண்டியை முன்னால் தள்ளினால் குறிகள் பின்பக்கம் வரும். மறுபடி அளந்து பாருங்கள். முன்பக்க அளவு குறைவென்றால் டோ-இன், கூடுதலென்றால் டோ-அவுட். வித்தியாசம் கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டினால் உடனே அலைன்மென்ட் சென்டருக்குப் போக வேண்டியதுதான். இந்த முறையில் கேம்பர் தெரியாது. அதனால் அளவு சரியாக வந்தாலும், ஸ்ட்ரட் மாற்றியபின் ஒருமுறை கருவியில் பார்ப்பது அவசியம்.

அங்கே போகும்போது வண்டியில் மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால் அது நிலைக்காது. ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிய பிறகே டோவைத் திருத்த வேண்டும். கேம்பரைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கேம்பரை அசைத்தால் டோ மறுபடி மாறும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இடது, வலது கேம்பர் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் பொதுவாக வண்டி இழுக்கும்.

சந்தேகங்களும் பதில்களும்

ஒரு பக்கம்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?

மாற்றக் கூடாது. ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால், பள்ளத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி ஒரு பக்கமாகத் திமிறும். முன்பக்க இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அலைன்மென்ட் செய்தும் இடப்பக்கம் இழுக்கிறதே?

நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரம் நோக்கிச் சரிவாக இருப்பதால், இடப்பக்கம் லேசாக ஒதுங்குவது இயல்பு. அதற்கு மேல் இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள். அடுத்து, முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் குறை டயரில்தான். மாறாவிட்டால், கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். டிஸ்க்கையோ டிரம்மையோ தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லையே?

மேல் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கலாம் அல்லது தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். அலைன்மென்ட்டுக்குச் செலவு செய்யும் முன் மாற்றிய இடத்திலேயே அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டாடா ஏஸ் வண்டியில் ஷாக் அப்சார்பர் மாற்றிய பிறகு இழுக்கிறது. என்ன காரணம்?

ஷாக் அப்சார்பரைக் குறை சொல்ல முடியாது. பட்டை ஸ்பிரிங்கில் பிளேடு உடைந்திருக்கிறதா, யூ-போல்ட் தளர்ந்திருக்கிறதா, கிங் பின், டை ராடில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பாரத்தை எப்போதும் ஒரே பக்கம் ஏற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.