எண்ணப்படுதல் பற்றி

நீரிழிவு என்றதும் எம்மவர் சொல்லும் புத்தி "சோற்றைக் குறை" என்பதே. முதலாம் வகை நீரிழிவுக்கு அது போதாது. அங்கே உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. சோற்றைக் குறைத்தாலும் இன்சுலின் ஏற்றியேயாக வேண்டும். எவ்வளவு என்பதுதான் நாள் முழுதும் எழும் கேள்வி.

விரலில் குத்திப் பார்க்கும் அளவு அந்தக் கணத்துக்குரியது. ஏ1சி பரிசோதனையோ இரண்டு மூன்று மாதச் சராசரி. நள்ளிரவுத் தாழ்வும் மதிய உச்சமும் அதில் ஒன்றையொன்று மறைத்துவிடும். இந்த இடைவெளிக்கே தொடர் குளுக்கோஸ் அளவி வந்தது. கையிலோ வயிற்றிலோ ஒட்டும் இக்கருவியின் மெல்லிய இழை, தோலுக்கடியில் கலங்களுக்கு இடையிலான திரவத்தில் நிற்கிறது. இழையிலுள்ள நொதியம் குளுக்கோசுடன் தாக்கமுற்றுச் சிறு மின்னோட்டத்தைத் தருகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 288 அளவுகள். இரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பிந்தியே இது காட்டும். சீனி வேகமாக இறங்கும்போது இதை மறக்கலாகாது.

ஆனால் அணியாத கருவியால் பயனில்லை. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 25 வயதும் அதற்கு மேலுமானோர் தெளிவான பயன் பெற்றனர். 15 முதல் 24 வயதினர் பெறவில்லை. வாரத்தில் 6 நாட்களாவது அணிந்தவர்கள் மூத்தோரில் 83 வீதம், இந்த இளையோரில் 30 வீதம். 2020இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, சீனி கட்டுப்படாத 14 முதல் 24 வயதினர் 153 பேரைப் பற்றியது. 26 வாரங்களில் கருவி பெற்றோரின் ஏ1சி 8.9இலிருந்து 8.5க்கு இறங்கியது; விரலில் குத்திப் பார்த்தோருக்கு 8.9 அப்படியே நின்றது. சிறிய இறக்கம்தான், ஆனால் வீண் அல்ல. சராசரி இறங்கினால் கண், சிறுநீரகம், நரம்புகளின் சிதைவு குறையும் என்பதை 1993இலேயே பெரிய ஆய்வொன்று காட்டிவிட்டது.

ஏன் கழற்றிவைக்கிறார்கள்? எச்சரிக்கை ஒலி, ஒட்டுத்துணியின் கடி எல்லாம் உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இன்று இந்த எண்கள் பெற்றோரின் கைத்தொலைபேசிக்கும் போகின்றன. என்னோடு வேலைசெய்யும் ஒருவர், இரவு வேலையில் நின்றபடியே 19 வயது மகளுக்கு அழைத்து "என்ன தின்றாய்?" என்று விசாரிப்பார். ஒருநாள் அவள் இணைப்பை நிறுத்திவிட்டாள். அவருக்குக் கோபம். நாங்கள் அடுக்கும் பெட்டிகளை எண்ணும் பலகை எங்கள் தலைக்குமேல் தொங்குகிறது. அதை அவர் திட்டாத நாளில்லை! அதைத்தான் சுட்டிக்காட்டினேன்.

அவருடைய பயமும் பொய்யல்ல. தூக்கத்தில் சீனி கடுமையாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கடைசியில் இருவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: தாழ்வு எச்சரிக்கை மட்டும் அவருக்கு வரும், சாப்பாடு பற்றி அவள் சொன்னால் மட்டும் கேட்பார். அவள் மீண்டும் அணிகிறாள்.