பாட்டியின் பாட்டி பெயர் என்ன?



உங்கள் தாத்தாவின் பெயர் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர்? கொஞ்சம் யோசிக்கிறீர்கள், இல்லையா? சரி, பாட்டியின் அம்மா பெயர்? பாட்டியின் பாட்டி பெயர்?

எங்கள் ஊர் திருக்கடையூர். இங்கே அபிராமி அம்மன் கோயிலில் நாள்தோறும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும். மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்க, பேரன் பேத்திகள் சுற்றி ஓடி விளையாடுவார்கள். மூன்று, நான்கு தலைமுறை ஒரே இடத்தில் கூடியிருக்கும். ஆனால் அதற்கும் முந்தைய தலைமுறையைப் பற்றிக் கேட்டால், பல குடும்பங்களில் பதில் வராது.

"அது தெரிந்து என்ன சார் ஆகப்போகிறது?" என்கிறீர்களா? ஒரு பெயருக்காகக் கடல் தாண்டித் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

கப்பலில் போனவர்கள்

1860-ஆம் ஆண்டு 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் போனவர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர்! அவர்களில் பெரும்பாலோர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாவற்றையும் பெரிய பதிவேட்டில் எழுதினார்கள். ஆளைக் கணக்கில் வைத்துக்கொள்வதற்காக எழுதியது அது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பொக்கிஷம்.

ஆனால் ஒரு சிக்கல்.  பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். ஊர்ப் பெயர்களோ நமக்கே அடையாளம் தெரியாதபடி மாறிப்போயின!

மொரிஷியஸ் தீவுக்கும் இப்படிப் பல லட்சம் பேர் போனார்கள். அவர்களைப் பற்றிய பதிவேடுகளும் பழைய புகைப்படங்களும் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு 'ஓ.சி.ஐ.' என்ற அட்டை வழங்குகிறது. மொரிஷியஸில் ஏழாம் தலைமுறையினரும் அதைப் பெற வழி செய்யப்படுவதாக, 2024 மார்ச்சில் அங்கு சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிவித்தார்.

வம்சாவளியை எப்படி நிரூபிப்பது? தன் பிறப்புச் சான்று, பெற்றோரின் சான்று, தாத்தாவின் சான்று என்று சங்கிலிபோல் கோத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு வளையம் இல்லையென்றாலும் சிரமம்தான்.

அமெரிக்காவில் 1890-இல் தொடங்கப்பட்ட ஒரு மகளிர் சங்கம் இருக்கிறது. அந்நாட்டு விடுதலைக்கு உதவியவர்களின் வழிவந்த பெண்கள் மட்டுமே அதில் சேரலாம். அவர்களும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகச் சான்று காட்ட வேண்டும்!

பக்கத்து ஊர் வீராங்கனை

எங்கள் பக்கத்து ஊர் தில்லையாடி. அந்த ஊரை வேராகக் கொண்ட குடும்பத்தில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்தான் வள்ளியம்மை. 1913-இல் அங்கே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்றது அது. அப்படியானால் நம் ஊர்க்காரர்களின் அம்மா, அம்மா இல்லையா? பிள்ளை, பிள்ளை இல்லையா? பெண்கள் கொதித்தெழுந்தார்கள். காந்தியடிகளின் அறப்போரில் குதித்தார்கள். சிறை சென்ற வள்ளியம்மை நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறே வயதில் உயிர்நீத்தார். அதே ஆண்டு வந்த சட்டம் நம்மவர் திருமணங்களை ஏற்றுக்கொண்டது.

ஏட்டில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம், பார்த்தீர்களா?

தேய்ந்துபோன பெயர்

இனி என் கதை. ஓய்வு பெற்றபின் எங்கள் குடும்ப மரத்தை எழுத உட்கார்ந்தேன். ஆண்களின் பெயர்கள் நிலப் பத்திரத்தில் இருந்தன. கொள்ளுப்பாட்டியின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. எல்லோரும் அவரைக் 'கீழவீட்டு ஆச்சி' என்றே அழைத்தார்களாம்.

பரணில் கிடந்த அவருடைய பித்தளைக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினேன். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வழக்கமல்லவா? 'மீ' என்ற ஓர் எழுத்து தெரிந்தது. மற்றவை தேய்ந்துவிட்டன. மீனாட்சியா, மீனாம்பாளா? தெரிந்திருந்த என் அப்பாயி, நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோதே காலமாகிவிட்டார். பத்து வயதில் அவர் மடியில் படுத்து எத்தனையோ கதை கேட்டேன். இந்த ஒன்றைக் கேட்கவில்லை!

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒரு நோட்டை எடுங்கள். கீழே உங்கள் பெயர். அதற்கு மேலே அப்பா, அம்மா. அதற்கும் மேலே இரு பக்கத்துத் தாத்தா, பாட்டிகள். அம்மா வழியையும் மறக்காமல் எழுதுங்கள்.

வீட்டில் மூத்தவரிடம் முதலில் கேளுங்கள். பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த தொழில் எல்லாம் கேளுங்கள். வருடம் நினைவில்லை என்றால், "1952 புயலுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டுப் பாருங்கள். டெல்டாவில் பெரியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், நிலப் பத்திரம், புகைப்படத்தின் பின்பக்கம், பாத்திரம் எல்லாம் பாருங்கள். உங்கள் பெயரையும் யோசியுங்கள். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் 'பெயரன்'. அதுவே 'பேரன்' ஆயிற்று.

எந்தச் செய்தியை யார் சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இருவர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நாங்கள் உசத்தி என்று பெருமை பேசுவதற்காக அல்ல இந்த நோட்டு. கூலியாகக் கப்பல் ஏறியவரும் நம் முன்னோர்தான். நாற்று நட்ட பாட்டியும் நம் முன்னோர்தான்.

என் நோட்டில் கொள்ளுப்பாட்டியின் இடத்தில் 'மீ' என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கிறது. உங்கள் நோட்டில் முழுப் பெயரே இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டி பக்கத்தில் போய் உட்காருவீர்கள்தானே?