தாத்தா ஓட்டிய டிராக்டருக்கு வயது என்ன?

சின்னத் தகடு சொல்லும் சேதி

இங்கிலாந்து நாட்டுக் கிராமங்களில், தாத்தா காலத்து டிராக்டரைப் பேரப்பிள்ளைகள் இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள். "இது எந்த ஆண்டு செய்தது?" என்று கேட்டால், வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்!

அந்த டிராக்டர்களில் பெயர் பெற்றது பெர்குசன் "டி.இ.20". 1946 முதல் 1956 வரை கவன்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நியூசிலாந்து வீரர் ஹில்லாரி, 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்தது இந்த ரக டிராக்டரில்தான்!

நிறம் ஏமாற்றும்

இந்த டிராக்டரின் நிறம் சாம்பல். பின்னால் யாராவது சிவப்பு வர்ணம் அடித்திருப்பார்கள். பார்ப்பவர்கள், "இது மாசி பெர்குசன் 35" என்பார்கள். அதுவோ சிவப்பு நிறத்தில் 1957 முடிவில்தான் வந்தது. நிறத்தை நம்பினால் வயது தப்பிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்டீயரிங் அருகே ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் உண்டு.

முதல் இரண்டு எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொது. மூன்றாவது எழுத்து "ஏ" என்றால் பெட்ரோல் என்ஜின். "எப்" என்றால் டீசல். "டி" என்றால், பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. வேறு எழுத்துகளும் உண்டு.

எண்ணைப் பார்த்தால் ஆண்டு தெரியும். உதாரணமாக, 1,40,000 என்று இருந்தால் அது 1950ஆம் ஆண்டு டிராக்டர்.

வயது தெரிந்து என்ன லாபம்?

பணம் மிச்சம்! 1951இல் என்ஜின் சிலிண்டரின் விட்டத்தை 80 மில்லி மீட்டரில் இருந்து 85 ஆகப் பெரிதாக்கினார்கள். ஆண்டு தெரியாமல் பிஸ்டன் வாங்கினால் பொருந்தாது. காசு வீண்.

இன்னொன்று. பழுதான என்ஜினை எடுத்துவிட்டு, வேறு டிராக்டரின் என்ஜினை மாட்டி இருக்கலாம். என்ஜினுக்குத் தனி எண் உண்டு. ஆகவே இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். தகடு டிராக்டரின் வயதைச் சொல்லும். பிஸ்டன் வாங்க என்ஜின் எண்தான் முக்கியம்.

பழைய வண்டிக்கு வர்ணம் அடிக்கும்போது பலர் தகட்டின் மீதும் அடித்துவிடுகிறார்கள். சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தகடு போனால், தாத்தா எந்த ஆண்டு டிராக்டரை ஓட்டினார் என்று பேரனுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?